ஏழில் ஒருவர்: விந்தணு இல்லாத ஆண்களுக்கு மருத்துவம் சொல்ல வேண்டிய முழு விடை

திருமணமாகி ஆறு மாதம் ஆனதுமே ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற விசாரிப்பு தொடங்கிவிடுகிறது. கேள்வி பெண்ணிடம்தான் போகிறது. ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி, நடுநடுவே பரிகாரத் தலங்கள் என்று அவர் அலைந்து ஓய்ந்த பிறகே பல வீடுகளில் கணவருக்கு விந்துப் பரிசோதனை நடக்கிறது. கத்தியோ ஊசியோ இல்லாமல் ஒரே நாளில் முடிந்துவிடும் எளிய பரிசோதனை அது. அந்த அறிக்கையில் விந்தணு எண்ணிக்கைக்கு நேரே ‘நில்’ (பூஜ்யம்) என்று எழுதி வாங்கும் ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். நூறு ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு விந்தில் விந்தணுவே இருப்பதில்லை. குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றில் 10 முதல் 15 பேர்.

அந்தத் தம்பதி அடுத்துப் போய் நிற்கும் இடம் கருத்தரிப்பு மையம். ‘ஒரே ஒரு விந்தணு கிடைத்தால் போதும், நீங்கள் அப்பா ஆகிவிடலாம்’ என்று அங்கே சொல்கிறார்கள். அறிவியல்படி அது சரியான பேச்சுதான். ஆனால் பாதிப் பேச்சு. அந்த ஒரு விந்தணு கிடைக்குமா, கிடைத்தால் அது கருவாகுமா, கரு குழந்தையாகுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து ஒரு விடை வேண்டும். அந்த விடை மருத்துவத்திடம் இருக்கிறது. அதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே, மழுப்பாமல், தம்பதி இருவருக்கும் சொல்லிவிட வேண்டும். நகையை அடகு வைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டிய சேதி அது.

பிரஸ்ஸல்ஸில் தவறி இறங்கிய ஊசி

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் ‘துர்கா’ பிறந்தார். ஐ.வி.எஃப். எனப்படும் இந்தச் சிகிச்சையின் முதல் பலன் கருக்குழாய் அடைபட்ட பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது. விந்தணு மிகக் குறைந்த ஆண்களுக்கு அது கைகொடுக்கவில்லை. கண்ணாடித் தட்டில் ஒரு கருமுட்டையைச் சுற்றிப் பல்லாயிரம் விந்தணுக்களை விட வேண்டும், அவற்றில் ஒன்று தானாக நீந்திப்போய் முட்டையின் உறையைத் துளைக்க வேண்டும் என்பதே முறை. நீந்தத் தெம்பில்லாத விந்தணுவுக்கு அங்கே வேலை இல்லை.

1980களில் ஆய்வாளர்கள் குறுக்கு வழிகளைத் தேடினார்கள். முட்டையின் வெளி உறையில் சிறு துளை போட்டுப் பார்த்தார்கள். உறைக்கும் முட்டைக்கும் இடையிலுள்ள சந்தில் சில விந்தணுக்களை ஊசியால் விட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் பலன் குறைவு. பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உள்ள டச்சு மொழிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில், ஜான்பியேரோ பலெர்மோ என்ற இத்தாலிய மருத்துவர் இரண்டாவது முறையைச் செய்துகொண்டிருந்தார். அப்போது ஊசி தவறுதலாக முட்டையின் சவ்வையும் கடந்து உள்ளே போய், விந்தணு முட்டைக்குள்ளேயே விழுந்துவிட்டது. அந்த முட்டை கருவாக வளரத் தொடங்கியது. அந்தத் தவறையே ஒரு முறையாக வளர்த்தெடுத்தார்கள். பலெர்மோ, ஹூபர்ட் யோரிஸ், பால் டெவ்ரோய், ஆந்திரே வான் ஸ்டெய்ர்டெகெம் ஆகிய நால்வரும் 1992இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட அறிக்கை ஆண் மலட்டுத்தன்மைச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ‘இக்ஸி’ என்று இன்று எல்லா மையங்களிலும் சொல்லப்படும் முறை அதுதான்.

கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விந்தணுவின் தலை அதிலும் இருபதில் ஒரு பங்குதான். நுண்ணோக்கியின் அடியில் ஒரு விந்தணுவைத் தேர்ந்து, அதன் வாலை நசுக்கி அசைவை நிறுத்தி, கண்ணாடி ஊசிக்குள் இழுத்து, முட்டையின் மையத்தில் விட வேண்டும். இந்த வேலை கைவந்ததும் அடுத்த வாசலும் திறந்தது. விந்தில் இல்லாவிட்டால் விதைக்குள்ளேயே போய் எடுக்கலாமே என்று யோசித்தார்கள். குழாய் அடைபட்ட ஆண்களின் விதையிலிருந்து எடுத்த விந்தணுவால் கருத்தரித்த செய்தி 1993இல் வந்தது. உற்பத்தியே குலைந்துபோன ஆண்களிலும் இது முடியும் என்று டெவ்ரோய் குழு 1995இல் காட்டியது. அதுவரை ‘உங்களுக்குச் சொந்தக் குழந்தைக்கு வழியே இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு முதன்முதலாக ஒரு வழி பிறந்தது.

‘நில்’ என்பது ஒரே நோய் அல்ல

அந்த வழி எல்லோருக்கும் ஒரே அளவு அகலமானது அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் மையத்துக்குள் நுழைபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதலில், ஒரே அறிக்கையை நம்பி முடிவு கட்டக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள்கள் ஆகின்றன. இரண்டு மாதத்துக்கு முன்பு வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மேலோட்டமாகப் பார்க்கையில் ‘நில்’ என்று தெரியும் விந்தை மையவிலக்குக் கருவியில் சுழற்றி, அடியில் தங்கும் படிவைத் துழாவினால் சில விந்தணுக்கள் அகப்படுவதும் உண்டு. அவை கிடைத்தால் அறுவை சிகிச்சையே வேண்டியதில்லை. அதனால் இரண்டு முறையாவது, அனுபவமுள்ள ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேடு ஒரு மில்லி விந்துக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்களைக் கீழ் எல்லையாக வைக்கிறது. 50 லட்சத்துக்கும் கீழே போனால் கடுமையான குறைபாடு என்று கணக்கு.

இரண்டாவது, ‘நில்’ ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வகை இருக்கிறது.

விதையில் உற்பத்தி சரியாக நடக்கிறது, வெளியே வரும் பாதை அடைபட்டிருக்கிறது என்பது ஒரு வகை. பழைய தொற்று, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை, பிறவியிலேயே விந்துக் குழாய் இல்லாமை ஆகியவை காரணங்கள். குழாய் இல்லாததை மருத்துவர் விரல்களால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட முடியும். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஊசி மூலமாகவே விந்தணு எடுத்துவிடலாம். சிலருக்கு அடைப்பை நீக்கி இயற்கையாகவே கருத்தரிக்கச் செய்யலாம்.

பாதை திறந்திருக்கிறது, விதையில் உற்பத்திதான் இல்லை என்பது அடுத்த வகை. ‘நில்’ அறிக்கை வாங்கும் ஆண்களில் அதிகம் பேர் இந்த வகையினர். பலருக்கு விதைகள் சிறுத்திருக்கும். எஃப்.எஸ்.எச். ஹார்மோன் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். குரோமோசோம் கோளாறு, சிறு வயதில் விதை கீழிறங்காமல் வயிற்றிலேயே தங்கியது, வயதுவந்த பின் தாக்கிய பொன்னுக்கு வீங்கி, புற்றுநோய்க்கான கீமோதெரபி எனக் காரணங்கள் பல. காரணமே தெரியாதவர்களும் நிறைய.

மூன்றாவது வகை அரிதானது. ஆனால் மருந்திலேயே தீரக்கூடியது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விதைக்குக் கட்டளையே போவதில்லை. எச்.சி.ஜி., எஃப்.எஸ்.எச். ஊசிகளைப் பல மாதம் போட்டால் இவர்களில் பெரும்பாலோருக்கு விந்தணு வந்துவிடுகிறது.

ஒரு மருத்துவர் உடலைத் தொட்டுப் பார்த்து, இரண்டு மூன்று ஹார்மோன்களை அளந்து பார்த்தாலே இந்த மூன்றில் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் ‘நில்லா? இக்ஸிதான்’ என்று பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விதைக்குள் ஒரு தேடல்

இந்தக் கட்டுரையின் மையம் இரண்டாவது வகை. உற்பத்தி நின்றுபோன விதையிலும் ஆங்காங்கே சில நுண்குழல்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கலாம். வறண்ட ஏரியில் எங்கோ ஒரு மூலையில் ஊற்றுக் கசிவதைப் போல. அந்த மூலையைக் கண்டுபிடிப்பதுதான் அறுவை சிகிச்சையின் வேலை.

நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் ஷ்லெகல் 1999இல் ‘மைக்ரோ டீசே’ என்ற முறையை விவரித்தார். விதையைத் திறந்து, அறுவை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, மற்றவற்றைவிடப் பருத்து வெளிறித் தெரியும் குழல்களை மட்டும் கிள்ளி எடுப்பது அந்த முறை. அவரது ஆரம்பக் கணக்கில், பழைய முறையில் 45 சதவீதம் பேருக்குக் கிடைத்த விந்தணு புதிய முறையில் 63 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. வெட்டி எடுக்கும் சதையின் அளவும் வெகுவாகக் குறைந்தது. இன்று பல நாட்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், பாதிப் பேருக்குக் கிடைக்கும், பாதிப் பேருக்குக் கிடைக்காது என்பதே ஏறக்குறைய நிலவரம்.

யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லும் பரிசோதனை ஒன்று உண்டு. ஒய் குரோமோசோமின் ஒரு பகுதி அழிந்துபோனால் விந்தணு உருவாகாது என்பதை 1976இல் இத்தாலியின் தியெப்போலோ, ஸுஃபார்தி இருவரும் சுட்டிக்காட்டினார்கள். அந்தப் பகுதி இன்று ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து அறியப்படுகிறது. ஏ அல்லது பி முழுதாக அழிந்திருந்தால் விதையில் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அவர்களுக்கு அறுவை சிகிச்சையே வேண்டாம். சி மட்டும் அழிந்திருந்தால் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிடைக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனை, வீணான அறுவையிலிருந்து ஒருவரைக் காப்பாற்றிவிடும்.

மற்றொன்று குரோமோசோம் எண்ணிக்கை. ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவர் கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கிறார். 1942இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் விவரித்ததால் இதற்கு அவர் பெயர். வளர்ந்து, மணமாகி, குழந்தை இல்லை என்று வரும்வரை பெரும்பாலோருக்கு இது இருப்பதே தெரியாது. ஒரு காலத்தில் இவர்களுக்குக் குழந்தைப் பேறே கிடையாது என்றுதான் பாடநூல்கள் சொல்லின. இன்று அறுவை சிகிச்சைக்குப் போகும் இவர்களில் நூற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு கிடைக்கிறது. அறிவியல் முன்னேறியிருக்கிறது, சந்தேகமில்லை.

ஏழில் ஒருவர்

ஆனால் விந்தணு கிடைப்பது குழந்தை கிடைப்பதாகாது. விளம்பரப் பலகைகளில் பெரிய எழுத்தில் வருபவை பெரும்பாலும் விந்தணு கிடைத்த சதவீதமோ, கரு பதிந்த சதவீதமோதான். தம்பதி கேட்பது வேறு. ‘நாங்கள் இன்று தொடங்கினால், கடைசியில் எங்கள் கையில் குழந்தை இருக்குமா?’

இக்ஸி பிறந்த அதே பிரஸ்ஸல்ஸ் மருத்துவமனை, நேர்மையோடு அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டது. 1994 முதல் 2009 வரை அங்கே முதல் முறையாக அறுவை சிகிச்சைக்கு வந்த, உற்பத்தி இல்லாத வகையைச் சேர்ந்த 714 ஆண்களின் கதையைக் கடைசிவரை பின்தொடர்ந்து 2015இல் ‘ஹியூமன் ரீப்ரொடக்ஷன்’ இதழில் வெளியிட்டது. 714 பேரில் முதல் அறுவையில் விந்தணு கிடைத்தவர்கள் 40.5 சதவீதம். விந்தணு கிடைத்து இக்ஸி வரை போன தம்பதிகளில், பல சுழற்சிகளுக்குப் பிறகும் குழந்தை பெற்றவர்கள் சுமார் 37 சதவீதம். தொடங்கிய எல்லோரையும் வைத்துக் கணக்கிட்டால் 13.4 சதவீதம். அதாவது, ஏழு பேர் அறுவை மேசையில் படுத்தால் ஒருவர்தான் தன் மரபணு கொண்ட குழந்தையைக் கையில் ஏந்துகிறார். அறுவைக்கு முன்பே இந்த எண்ணை ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று அந்த மருத்துவர்களே எழுதினார்கள்.

இது பழைய அறுவை முறையின் கணக்கு. நுண்ணோக்கி முறையில் தேர்ந்த கைகளிடம் இதைவிட நல்ல பலனும் வரலாம். ஆனால் படிக்குப் படி ஆள்கள் குறைந்துகொண்டே போவது எங்கும் மாறவில்லை. உற்பத்தி குலைந்த விதையில் கிடைக்கும் விந்தணுக்களில் பல அசைவற்றவை, முதிர்ச்சி குறைந்தவை. அதனால் கருவாகும் முட்டைகள் குறைகின்றன. கருவானவற்றில் சில நாளடைவில் வளர்ச்சி நின்றுபோகின்றன. பதிந்தவற்றில் சில கலைகின்றன. விந்தணுவே கிடைக்காத, நூற்றில் ஏறக்குறைய அறுபது பேரின் கண்ணீர் எந்த வெற்றிச் சதவீதத்திலும் சேர்வதில்லை. கணக்கு தொடங்கும் முன்பே அவர்கள் வெளியேறிவிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்துச் சொல்வதுதான் உண்மையான கணக்கு.

அடைப்பு வகை ஆண்களுக்கு இந்த எண்ணைப் பொருத்தக் கூடாது. அவர்களுக்கு விந்தணு ஏறக்குறைய நிச்சயம் கிடைக்கும். அதன் பிறகு வாய்ப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மனைவியின் வயது. பெண்ணுக்கு 35 வயதைக் கடந்தால் முட்டையின் தரம் இறங்கத் தொடங்குகிறது. 40க்குப் பிறகு சரிவு வேகமெடுக்கிறது. கணவரின் பரிசோதனையை மூன்று ஆண்டு தள்ளிப்போட்ட குடும்பம் உண்மையில் இழப்பது மனைவியின் அந்த ஆண்டுகளைத்தான்.

இங்கே பேசப்படாத உண்மை ஒன்று இருக்கிறது. குறை கணவருக்கு, சிகிச்சையின் பெரும் பகுதி மனைவியின் உடலில். நாள்தோறும் ஹார்மோன் ஊசி, அடிக்கடி ஸ்கேன், மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, சிலருக்குக் கருவகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து. ஒரு குறையும் இல்லாத உடலோடு இத்தனையையும் தாங்குகிறார் அந்தப் பெண். ஆகவே, விந்தணு கிடைக்குமா என்று தெரியாத நிலையில் அவருக்கு ஊசி போடத் தொடங்குவது நியாயமில்லை. முதலில் கணவருக்கு அறுவை, கிடைக்கும் விந்தணுவை உறையவைத்தல், அதன் பிறகு மனைவிக்கு ஊசி என்ற வரிசையைக் கேட்டு வாங்குங்கள். முட்டை எடுக்கும் நாளிலேயே கணவருக்கும் அறுவை செய்வதாகச் சொன்னால், அன்று விந்தணு கிடைக்காவிட்டால் என்ன ஏற்பாடு என்று முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?

இக்ஸியில் பிறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடி வளர்கிறார்கள். பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல். அதே நேரம், தெரிந்த இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடக் கூடாது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பிறப்புகளை ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இயற்கையாகக் கருத்தரித்த குழந்தைகளில் 5.8 சதவீதம் பேருக்குப் பிறவிக் குறை இருந்தது. சாதாரண ஐ.வி.எஃப். முறையில் 7.2, இக்ஸியில் 9.9 சதவீதம். பெற்றோரின் வயது முதலான காரணங்களைக் கழித்த பிறகும் இக்ஸியில் அந்தக் கூடுதல் எஞ்சியது. அது ஊசியால் வந்ததா, தந்தையின் குறைக்குக் காரணமான மரபணுவால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். நூற்றில் தொண்ணூறு குழந்தைகள் எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தார்கள் என்பதும் அதே ஆய்வு சொல்லும் உண்மைதான்.

அடுத்தது மகன்களின் கதை. பிரஸ்ஸல்ஸில் தொடக்க காலத்தில் இக்ஸி மூலம் பிறந்த பையன்கள் 18 வயதைக் கடந்ததும், அவர்களில் 54 பேரின் விந்தைப் பரிசோதித்தார்கள். இயற்கையாகக் கருத்தரித்துப் பிறந்த அதே வயதுடைய 57 பேரோடு ஒப்பிட்டார்கள். 2016இல் வந்த முடிவு இது: இயற்கையாகப் பிறந்தவர்களில் ஒரு மில்லிக்கு நடு அளவு 3 கோடியே 70 லட்சம் விந்தணுக்கள், இக்ஸி மகன்களில் 1 கோடியே 77 லட்சம். ஏறக்குறைய பாதி. சிறிய ஆய்வுதான். ஆனால் தந்தையின் குறை மகனுக்கும் போகக்கூடும் என்ற பழைய ஐயத்துக்கு அது வலுச் சேர்த்தது.

சில குறைகளில் ஐயத்துக்கே இடமில்லை. ஒய் குரோமோசோமில் சி பகுதி அழிந்த தந்தைக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அதே குறை போகும். மகளுக்குப் போகாது. பிறவியிலேயே விந்துக் குழாய் இல்லாதவர்களில் பலரிடம், நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணு மாற்றம் இருக்கிறது. மனைவியிடமும் அந்த மாற்றம் இருந்தால் குழந்தைக்கு அந்த நோயே வரலாம். அதனால் இந்த வகையில் மனைவிக்கும் மரபணுப் பரிசோதனை அவசியம். மரபணு ஆலோசனை என்பது பணக்காரர்களின் ஆடம்பரம் அல்ல, இந்தச் சிகிச்சையின் முதல் படி.

பலன் தராத செலவுகள்

‘கவுண்ட் கம்மி’ என்று கேட்ட நாளிலிருந்து பணம் பல வழிகளில் போகத் தொடங்குகிறது.

துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகள் எங்கும் எழுதப்படுகின்றன. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு 2020இல் முடிவைச் சொன்னது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்தில் வேறுபாடு இல்லை.

‘நல்ல விந்தணுவைத் தேர்ந்தெடுக்கிறோம்’ என்று கூடுதல் கட்டணத்தில் தரப்படும் ஒரு முறை ‘பிக்ஸி’. பிரிட்டனில் 2,772 தம்பதிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சாதாரண இக்ஸியைவிட அதிகக் குழந்தைகள் பிறக்கவில்லை.

இக்ஸியே கூடத் தேவையில்லாதவர்களுக்குச் செய்யப்படுகிறது. ஆணின் குறை கடுமையாக இல்லாத 2,387 தம்பதிகளைச் சீனாவில் ஆராய்ந்து 2024இல் சொன்னார்கள்: குழந்தை பிறந்தது இக்ஸியில் சுமார் 34 சதவீதம், சாதாரண ஐ.வி.எஃப். முறையில் சுமார் 37 சதவீதம். கடுமையான குறை உள்ளவர்களுக்காகப் பிறந்த கருவி இக்ஸி. அது அவர்களுக்கு வரம். மற்றவர்களுக்குச் செலவு.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஆண் ஹார்மோன் ஊசி. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை ஏற்றுவதற்காகவும், ‘தெம்பு’ வரும் என்று நம்பியும் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி சுரப்பி விதைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படிப்படியாகச் சரிந்து, பலருக்கு ‘நில்’ ஆகிவிடும். ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே இதை உலக சுகாதார நிறுவனம் 1990களில் சோதித்துப் பார்த்தது. குழந்தை வேண்டும் என்பவர் இந்த ஊசியைத் தொடவே கூடாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும். ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும்.

விடுதி அறைகளில் முகாம் போட்டு ‘ஆண்மைக் குறைவு’க்கு லேகியம் தருபவர்கள் ஒரு குழப்பத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். தாம்பத்திய வல்லமைக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எல்லா வகையிலும் இயல்பான தாம்பத்தியம் நடத்தும் ஆணுக்கும் ‘நில்’ வரலாம். அது ஒரு நோய்க்குறி. அவருடைய ஆண்மைக்கு யாரும் கொடுக்கும் மதிப்பெண் அல்ல.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• எனக்கு அடைப்பு வகையா, உற்பத்தி இல்லாத வகையா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
• குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோம் பரிசோதனையும் அறுவைக்கு முன்பே செய்வீர்களா?
• இந்த மையத்தில் என்னைப் போன்றவர்களில் எத்தனை பேருக்கு விந்தணு கிடைத்தது? தொடங்கிய எல்லோரிலும் எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள்?
• விந்தணுவை முதலில் எடுத்து உறையவைத்துவிட்டு, பிறகு மனைவிக்கு ஊசி தொடங்கலாமா?
• அறுவைக்குப் பிறகு என் ஆண் ஹார்மோன் அளவைத் தொடர்ந்து கவனிப்பது யார்?
• எத்தனை சுழற்சிக்குப் பிறகு நிறுத்தச் சொல்வீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு?

இந்தக் கேள்விகளுக்கு விடை கேட்பது உங்கள் சட்ட உரிமை. இந்தியாவின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021, தம்பதிக்கு ஆலோசனை வழங்கி, அந்த மையத்தில் வெற்றி வாய்ப்பு எவ்வளவு, சாதக பாதகம் என்ன, செலவு என்ன, பக்கவிளைவு என்ன என்பதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று மையங்களுக்குக் கடமை விதிக்கிறது.

மீதி ஆறு பேருக்கு

ஏழில் ஒருவருக்குக் கிடைத்தது. மற்ற ஆறு பேருக்கு வாழ்க்கை முடிந்துவிடவில்லை. அவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ‘தோற்றவர்களின் வழி’ போலக் கடைசியில் கிசுகிசுப்பாகச் சொல்வது பெரிய கொடுமை. முதல் நாளே, முதல் பேச்சிலேயே எல்லா வழிகளையும் மேசை மேல் வைக்க வேண்டும்.

கொடையாளரின் விந்தணு ஒரு வழி. மனைவி இளம் வயதினராக, குறையில்லாதவராக இருந்தால் பல நேரம் ஐ.வி.எஃப். கூட வேண்டியதில்லை. கருப்பைக்குள் நேரடியாக விந்தணுவைச் செலுத்தும் எளிய முறையிலேயே கருத்தரிக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் சட்டப்படி, பதிவுபெற்ற வங்கி மட்டுமே கொடையாளர் விந்தணுவைத் தர முடியும். கொடையாளர் 21 முதல் 55 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். ஒருவரின் விந்தணுவை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது. பிறக்கும் குழந்தை எல்லா உரிமைகளோடும் அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். கொடையாளருக்கு எந்த உரிமையும் இல்லை. கணவன், மனைவி இருவரும் எழுத்தில் சம்மதிக்காமல் எதுவும் செய்யக் கூடாது. கணவருக்குத் தெரியாமல் ‘கலந்துவிடுகிறோம்’ என்று யாராவது சொன்னால், அது சட்டமீறல் மட்டுமல்ல, அந்தக் குடும்பத்துக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் செய்யும் துரோகம்.

தத்தெடுப்பு இன்னொரு வழி. மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிவுசெய்து காத்திருக்க வேண்டும். காத்திருப்பு நீளமானது. அதனால் சிகிச்சை எல்லாம் முடிந்து கைப்பணம் கரைந்த பிறகுதான் அதை யோசிக்க வேண்டும் என்பதில்லை. குழந்தை இல்லாமலே இருவராக நிறைவாக வாழ்வோம் என்று முடிவெடுப்பதும் முழு மரியாதைக்குரிய வழி. அதைத் தேர்ந்தவர்களைப் பார்த்து இரக்கப்படுவதை உறவினர்கள் நிறுத்திக்கொண்டாலே போதும்.

தடுக்கக்கூடியவற்றை நாம் தடுக்கவும் வேண்டும். பிறந்த ஆண் குழந்தையின் விதைகள் இரண்டும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். இளம் வயதில் புற்றுநோய் வந்த ஆண்களுக்கு, கீமோதெரபி தொடங்கும் முன்பே விந்தைச் சேமித்து உறையவைக்கும் வாய்ப்பைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வேலை அது. உயிர் பிழைத்து வருபவர் பின்னாளில் இந்த அறுவை மேசைக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

கருத்தரிப்பு மையங்கள் தங்கள் பலனை முழுக் கணக்கில் வெளியிட வேண்டும். பிரிட்டனில் ஒழுங்குமுறை ஆணையமே ஒவ்வொரு மையத்தின் வெற்றி விகிதத்தையும் பொதுமக்கள் பார்க்க வைக்கிறது. அமெரிக்காவில் 1992இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியப் பதிவேடு இருக்கிறது, மையங்கள் அதற்கு விவரங்களை அனுப்ப வேண்டும். அந்த விவரங்களை மையம் வாரியாக, ஆணின் குறை வாரியாக, மக்கள் படிக்கும் மொழியில் அரசு வெளியிட வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை தாமதமானால் முதல் பரிசோதனை உங்களுடையதாக இருக்கட்டும். அறிக்கை எதுவாக இருந்தாலும் அதை மனைவியோடு சேர்ந்து வாங்குங்கள், அவர் மேல் பழி விழ விடாதீர்கள். மருத்துவரிடம் முழு எண்ணைக் கேளுங்கள். ஏழில் ஒருவர் என்பதைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகும் முயல்வோம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால் அது துணிவான முடிவு. அதைத் தெரியாமல் எடுக்கவைத்தால், அதற்குச் சிகிச்சை என்று பெயர் கிடையாது.